மருந்து உறையில் எழுதப்படாதது

வலிப்புக்குக் கொடுக்கிற மருந்து ஒரு பிள்ளைக்கு ரத்தக் கசிவைக் கொண்டுவரலாம். எல்லாப் பிள்ளைக்கும் வராது. ஆனால் வரலாம். இது ஒன்றும் ரகசியமில்லை. மருந்துக் கம்பெனிக்குத் தெரியும், பெட்டிக்குள் வைக்கிற தாளில் அச்சடித்தே இருக்கு. டாக்டருக்குத் தெரியும், பரீட்சைக்குப் படித்ததுதான். பாமசியில் நிற்கிறவருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், அந்தப் பிள்ளைக்குக் காலையும் இரவும் கையால மருந்து ஊட்டுற அம்மா. அவ தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவவா இருந்தா, தெரிஞ்சுகொள்ள வழியே இல்லை.

இதை எழுத நீ யார், கலைப்பீடத்துப் பிள்ளைக்கு மருந்தைப் பற்றி என்ன கதை என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. நான் எழுதுவது மருத்துவம் இல்லை. மொழி, சட்டம், மரியாதை. இது மூன்றும் எங்க பாடம்தான்.

முதலில் மருந்தைப் பார்ப்போம். சோடியம் வால்ப்ரோயேட். எபிலிம் என்ற பெயரில் நிறையப் பேருக்குத் தெரியும். வால்ப்ரோயிக் அமிலத்தை 1882ல் பேர்ட்டன் என்ற வேதியியலாளர் தயாரித்தார். அதற்குப் பிறகு எண்பது வருடம் அது வெறும் கரைப்பானாகவே கிடந்தது. 1962ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பியர் ஐமார் என்கிற ஆய்வு மாணவர் வேறு சில பொருட்களை இதில் கரைத்துச் சோதித்தார். எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. கடைசியில் பார்த்தால் வேலை செய்தது கரைப்பான்தான். 1967ல் பிரான்சில் மருந்தாக வந்தது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கு. உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாகவும், சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் வரையானவர்கள் வலிப்பே வராமல் வாழலாம் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அப்படி வாழவைக்கிற மருந்துகளில் இதுவும் ஒன்று. ஆகவே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கிற மருந்தைத் தூக்கிப் போட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்கிற வலிப்பு வரலாம், உயிரே போகலாம். இதைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்கிறேன்.

மிச்சம் இதுதான். சாதாரணதரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் குருதிச் சிறுதட்டுக்கள் என்று படித்தோம். டெங்கு வந்த பிறகு நாடே அதை 'பிளேட்லட்' என்று சொல்லப் பழகியது. காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கிற வேலையைத் தொடங்குவது அதுதான். சாதாரணமாக ஒரு மைக்ரோ லீற்றர் ரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும். வால்ப்ரோயேட் இந்த எண்ணிக்கையைக் குறைக்கலாம். மருந்தின் அளவு கூடக் கூட இதற்கான வாய்ப்பும் கூடும். கூடிய அளவில் இதை எடுத்த 126 நோயாளிகளைப் பார்த்த ஒரு சோதனையில், 34 பேருக்கு ஒரு தடவையாவது எண்ணிக்கை 75,000 அல்லது அதற்குக் கீழே இறங்கியது. அவர்களில் பாதிப் பேர் அளவில் மருந்தை நிறுத்தினார்கள், எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது. மற்றவர்களுக்கு மருந்தைத் தொடரும்போதே சரியாகிவிட்டது. இதில் பயமும் இருக்கு, ஆறுதலும் இருக்கு. கவனித்தால் சமாளிக்கலாம் என்பதுதான் அந்த ஆறுதல்.

ஆனா எண்ணிக்கை மட்டும் கதை இல்லை. சில பேருக்கு எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனா பிளேட்லட் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. சில பேருக்கு வொன் வில்லபிரான்ட் காரணி என்கிற, ரத்தம் உறைய உதவும் புரதம் குறையும். பைப்ரினோஜனும் குறையலாம். அதாவது ரத்தப் பரிசோதனைத் துண்டில் எல்லாம் நல்லாயிருக்கு என்று வந்தாலும் பிள்ளைக்கு ரத்தம் கசியலாம். அப்ப அதைக் கண்டுபிடிக்கிற முதல் கருவி எது? பிள்ளையைக் குளிப்பாட்டுற ஆளின் கண். காலில் அடிபடாமலே நீலமாகக் கண்டிப்போன இடம், தோலுக்குக் கீழே குண்டூசி குத்தினது போலச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், பல் விளக்கும்போது முரசில ரத்தம், அழுத்திப் பிடித்துப் பத்து நிமிசம் கழிந்தும் நிற்காத மூக்கு ரத்தம். இதையெல்லாம் முதலில் பார்ப்பது அம்மாவும் அம்மாயியும்தான், ஆய்வுகூடம் இல்லை. பார்க்க வேண்டியவரிடம் எதைப் பார்க்கணும் என்று சொல்லாமல் விடுவதுதான் இங்கே நடக்கிற குற்றம்.

இப்போது எங்கட நாட்டில் இந்த மருந்து கைக்கு வருகிற விதத்தைப் பாருங்க. அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். அந்த இலவசத்துக்காக நான் எத்தனை தடவையும் நன்றி சொல்வேன், யார் அதில் கைவைத்தாலும் எதிர்ப்பேன். ஆனா குளிசை வருவது சின்னக் காகித உறையில். எண்ணிப் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று உறையில் கோடு போட்டுக் கொடுப்பாங்க. கம்பெனி பெட்டிக்குள் வைத்த விளக்கத் தாள் பாமசியோடு நின்றுவிடும். வந்தாலும் அது ஆங்கிலத்தில்தான்.

இதே மருந்துக்கு இங்கிலாந்தில் என்ன செய்தாங்க தெரியுமா? 2023 ஒக்டோபர் 11 முதல், வால்ப்ரோயேட்டை உடைத்து எண்ணிக் கொடுக்கக் கூடாது, கம்பெனியின் முழுப் பெட்டியாகவே கொடுக்க வேண்டும் என்று சட்டத்தை மாற்றினாங்க. எச்சரிக்கையும் விளக்கத் தாளும் ஒவ்வொரு தடவையும் நோயாளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. அதற்கு முக்கியக் காரணம் ரத்தக் கசிவு இல்லை, கர்ப்பத்தில் இருக்கிற குழந்தைக்கு வருகிற பாதிப்பு. அதற்குப் பிறகு வருகிறேன். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரு தாள் நோயாளியின் கையில் இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒரு நாடு சட்டமே போட்டது. எங்களிடம் முழுப் பெட்டிக்குக் காசில்லை, சரி. ஒரு தாளுக்குமா காசில்லை?

ஒரு குடும்பத்தை மனசில் வைத்துப் பாருங்க. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம். ஏழு வயசுப் பிள்ளைக்கு வலிப்பு. அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. கிளினிக் நாளென்றால் விடிய முதல் பஸ் எடுத்து இறங்க வேண்டும், அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. கிளினிக்கில் நீண்ட வரிசை. டாக்டர் சிங்களத்தில் "வலிப்பு வந்ததா?" என்று கேட்கிறார். "இல்லை" என்கிறாங்க. கொப்பியில் எழுதி, மருந்து வாங்கச் சொல்கிறார். முடிந்தது. அவங்களுக்குச் சிங்களம் தெரியாதா என்றால், தெரியும். கடையில் பேசுற அளவுக்கு, பஸ்ஸில் பேசுற அளவுக்குத் தெரியும். 'பல் விளக்கும்போது முரசில கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசியுது, ரெண்டு கிழமையா இருக்கு' என்பதை அந்தச் சிங்களத்தில் சொல்ல முடியுமா? முடிந்தாலும் சொல்வாங்களா? அது மருந்தோடு சம்பந்தப்பட்டது என்றே அவங்களுக்குத் தெரியாதே. பிரஷ் கடினம் என்று நினைப்பாங்க. அல்லது சூடு என்று நினைத்து எண்ணெய் வைப்பாங்க.

இது விதி இல்லை. 1987ல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்கிறது. 1988ல் வந்த 16ஆவது திருத்தம் நிர்வாகத்தில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்கிறது. 1991ல் அதற்கென்று ஒரு ஆணைக்குழுவுக்குச் சட்டமும் போட்டாங்க. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழர் அல்லது முஸ்லிம். பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறப்பு வைத்தியசாலை இருக்கு, கண்டியில் தேசிய வைத்தியசாலை இருக்கு. மாவட்டத்துக்கு வெளியே இருந்தும் மலையகப் பிள்ளைகள் இங்கேதான் வருகிறார்கள். பெயர்ப் பலகையில் மூன்று மொழியும் இருக்கு. பலகை யாருக்கும் பக்கவிளைவைச் சொல்லாது.

இதற்கு வழக்கமாக வருகிற மறுப்பு ஒன்று உண்டு: "எல்லாத்தையும் சொன்னா இவங்க பயந்து மருந்தை நிறுத்திடுவாங்க." இதைப் பல வாயில் கேட்டிருக்கிறேன், படித்தவர்களின் வாயிலும் கேட்டிருக்கிறேன். இந்த 'இவங்க' என்ற சொல்லைக் கவனியுங்க. கொழும்பில் தனியார் மருத்துவமனைக்குப் போகிற குடும்பத்திடம் யாரும் 'சொன்னா பயந்துடுவாங்க' என்று மறைப்பதில்லை. அங்கே அதற்குப் பெயர் ஆலோசனை. தோட்டத்து அம்மாவுக்கு மட்டும்தான் உண்மை தாங்காது என்று யார் முடிவு செய்தது?

இரண்டாவது, நடப்பது இதற்குத் தலைகீழ். சொல்லாமல் விட்டால்தான் நிறுத்துவாங்க. ஒரு நாள் திடீரென்று மூக்கால் ரத்தம் கொட்டும். பக்கத்து லயத்தில் யாராவது 'அந்த இங்கிலீஷ் மருந்துதான் உடம்பைக் கெடுக்குது' என்பாங்க. வாட்ஸப்பில் ஒருத்தன் மூலிகை விற்பான், இன்னொருத்தன் பேய் என்பான். அவங்க எல்லாருக்கும் ஒரு பலம் இருக்கு: தமிழில் பேசுறாங்க, நேரம் எடுத்துப் பேசுறாங்க. 'இது வரலாம், வந்தா பயப்படாம வாங்க, ரத்தம் பார்ப்போம், தேவைப்பட்டா அளவைக் குறைப்போம் அல்லது மருந்தை மாத்துவோம், நீங்களா நிறுத்தாதீங்க' என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த வியாபாரிக்கு லயத்துக்குள் வேலையே இல்லை.

மூன்றாவது மறுப்பு, 'பெரிய ரத்தக் கசிவு அரிது' என்பது. உண்மைதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்காது. ஆனா அரிது என்பது கணக்கு. கண்டியில் வாழ்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்கோடு இன்னும் சில விஷயங்கள் சேரும். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று டெங்கு. 2017ல் இந்த நாட்டில் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு பதிவானது. கண்டி மாவட்டமும் தப்பவில்லை. டெங்கும் பிளேட்லட்டைக் குறைக்கும். ஏற்கனவே மருந்தால் குறைந்திருக்கிற பிள்ளைக்கு டெங்கு வந்தால் என்ன என்று யோசியுங்க. காய்ச்சல் வலிப்பையும் கிளப்பும். அந்த நேரம் வீட்டில் அவசரத்துக்கு இபுபுரோபென் அல்லது அஸ்பிரின் கொடுத்தால் பிளேட்லட்டின் வேலை இன்னும் கெடும். அஸ்பிரின் இன்னொன்றும் செய்யும்: ரத்தத்தில் செயல்படுகிற வால்ப்ரோயேட்டின் அளவைக் கூட்டும். காய்ச்சல் என்றால் நிறைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோல் மட்டும், கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரத்தோடு ஆஸ்பத்திரி. இந்த ஒரு வரியை எந்தச் சுவரில் தமிழில் பார்த்திருக்கிறீங்க?

இரண்டு பல். ஏழு, எட்டு வயசில் பால் பல் விழுகிற நேரம். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் வரிசையாக நிறுத்திப் பல் பிடுங்குவாங்க, நாங்களும் நின்றிருக்கோம். அந்த வரிசையில் வால்ப்ரோயேட் எடுக்கிற பிள்ளையும் நிற்கும். சத்திரசிகிச்சைக்கு முன் பிளேட்லட்டையும் ரத்தம் உறைவதையும் பார்க்க வேண்டும் என்று மருந்தின் சொந்த விளக்கத் தாளே சொல்கிறது. பல் பிடுங்குவதும் காயம்தானே. ஆனா பிள்ளைக்கு வலிப்பு இருப்பதை வீட்டில் மறைத்திருப்பாங்க. ஏன் மறைக்கிறாங்க? பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் தனியாக உட்காரவைப்பாங்க, நாளைக்குக் கல்யாணம் நடக்காது என்ற பயம். அந்தப் பயத்தை உருவாக்கியது நாங்கள், சமூகம். வைத்தியசாலையை மட்டும் திட்டிவிட்டுத் தப்ப முடியாது.

மூன்று, பெண் பிள்ளைகள். இதைப் பற்றி யாரும் பேசமாட்டாங்க, அதனால் நான் கொஞ்சம் நின்று பேசுகிறேன். வால்ப்ரோயேட் எடுக்கிற பிள்ளை பெரியபிள்ளையாகிறாள். மாதவிடாயில் ரத்தம் கூடுதலாகப் போகலாம், நாள் கணக்கில் போகலாம். அவள் அதை யாரிடம் சொல்வாள்? அம்மாவிடம் சொன்னால் 'ஆரம்பத்தில அப்படித்தான்' என்பாங்க. கிளினிக்கில் வரிசைக்கு நடுவே, பக்கத்தில் ஆம்பிளைகள் நிற்க, வேற மொழியில் சொல்வாளா? கேட்டால்தான் சொல்வாள். யாரும் கேட்பதில்லை. ரத்தம் குறைந்து, சோர்ந்து, பள்ளிக்கூடம் விட்டு நிற்பாள். அதற்குக் காரணம் 'வலிப்புக்காரப் பிள்ளை, படிக்கமாட்டா' என்று எழுதப்படும்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கு. கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். பத்தில் மூன்று, நான்கு பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பிரச்சினை வரலாம். பிரான்சில் தெரியாமல் எடுத்த தாய்மார் சேர்ந்து, சங்கம் அமைத்து, அரசாங்கத்தையும் கம்பெனியையும் கேள்வி கேட்டார்கள். அவர்களது முதல் கேள்வி மருந்து ஏன் கெட்டது என்பது இல்லை, தெரிந்திருந்தும் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்பது. 2023ல் உலக சுகாதார நிறுவனமும் பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. சில பேருக்கு வேறு எதுவும் வேலை செய்யாது, அப்போது இதைத்தான் கொடுக்க வேண்டி வரும். ஆனா அந்த முடிவை அவளோடு பேசி எடுக்கணும். பன்னிரண்டு வயசில் தொடங்கி இருபத்திரண்டு வயசில் கல்யாணமாகும் வரை ஒரு வார்த்தை சொல்லாமல் உறையை மட்டும் நிரப்பிக் கொடுப்பது சிகிச்சை இல்லை.

டாக்டர்களை வில்லனாக்குவது என் நோக்கம் இல்லை. ஒரு காலைப்பொழுதில் அவங்க பார்க்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டும். 2022 மார்ச் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்தி வைத்தாங்க. அந்த நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டாக்டர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். நின்றவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார்கள். மேலே இருந்தவர்களோ? கண்டி மாவட்டத்திலிருந்தே தெரிவான ஒரு சுகாதார அமைச்சர், கெஹெலிய ரம்புக்வெல்ல, தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்கு நீதிமன்றத்தின் வேலை. ஆனா 'தாள் அச்சடிக்கக் காசில்லை' என்று யாராவது சொன்னால், மருந்துக்கென்று ஒதுக்கிய காசு எங்கெங்கே போனது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு.

இந்த ஊருக்கு வேறு ஒரு மரபும் இருக்கு. சேனக பிபிலே. மருந்தியல் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971ல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் தலைவர். கம்பெனிப் பெயருக்குக் காசைக் கொட்டாமல், பொதுப்பெயரில், தேவையான மருந்துகளை மட்டும், மொத்தமாக, மலிவாக வாங்குவோம் என்று காட்டியவர். பல நாடுகள் அந்தப் பாதையைப் பார்த்துக் கற்றன. வாசிகசாலையிலும் கூட்டங்களிலும் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறோம். அவரது வேலையில் பாதி மருந்தை ஏழையின் கைக்குக் கொண்டுவந்தது. மருந்தைப் பற்றிய அறிவை அதே கைக்கு, அதே மொழியில் கொண்டுபோவது மிச்சப் பாதி. அதை ஐம்பது வருடமாகக் கிடப்பில் போட்டிருக்கோம்.

கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. வால்ப்ரோயேட் தொடங்குகிற அன்றே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள். கிளினிக் கொப்பியின் முன் அட்டையில், இந்தப் பிள்ளை வால்ப்ரோயேட் எடுக்குது, பல் பிடுங்க முன்னும் சத்திரசிகிச்சைக்கு முன்னும் ரத்தம் பார்க்கவும் என்று மூன்று மொழியில் ஒரு ஸ்டிக்கர். தொடங்க முன்னும் இடைக்கிடையும் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு கிளினிக்கிலும் 'வலிப்பு வந்ததா?' என்பதோடு 'எங்கேயாவது ரத்தம் கசிஞ்சதா, கண்டிப்போச்சா?' என்று இன்னொரு கேள்வி. வயசுக்கு வந்த பிள்ளையிடம் தனியாக, ஒரு பெண் தாதி, அவளுக்குத் தெரிந்த மொழியில். கிளினிக் நாளில் ஒரு மொழிபெயர்ப்பாளர். இதில் எதற்குமே வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

எங்களுக்கும் வேலை இருக்கு. ஒரே பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் இருக்கு, பல் மருத்துவ பீடமும் இருக்கு, தமிழ்த்துறையும் இருக்கு. ஒன்றிலிருந்து மற்றதுக்கு நடந்தே போகலாம். மருத்துவ பீட நண்பர்கள் எழுதித் தரட்டும், நாங்கள் தோட்டத்து அம்மாவுக்கு விளங்குகிற தமிழில் மாற்றுவோம், டாக்டர் ஒருவர் சரிபார்க்கட்டும். 'குருதிச் சிறுதட்டுக் குறைபாடு' என்று எழுதி அனுப்பினால் அது இன்னொரு ஆங்கிலம்தான். 'பல்லு விளக்கும்போது ரத்தம் வந்தா' என்று எழுதணும். கலை இலக்கிய விழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிற காசில் பாதி போதும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலோ லயத்திலோ வலிப்பு மருந்து எடுக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே செய்யக்கூடியது இவ்வளவுதான். மருந்தின் பெயரைக் கொப்பியில் பாருங்க. கண்டிப்போன இடம், சிவப்புப் புள்ளி, முரசு, மூக்கு, மாதவிடாய் பற்றி வீட்டாரிடம் கேளுங்க. ஏதாவது இருந்தால் மருந்தை நிறுத்தாமல் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் போங்க. மூக்கால் ரத்தம் வந்தால் பிள்ளையை முன்னுக்குச் சாயவைத்து, மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிசம் விடாமல் பிடியுங்க, நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. வலிப்பில் விழுந்து தலை அடிபட்டால், வாந்தியோ தலையிடியோ மயக்கமோ இருந்தால், பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். விடாத வாந்தி, அசதி, கண் மஞ்சள் என்றாலும் அப்படித்தான், இந்த மருந்து ஈரலையும் தாக்கலாம், இரண்டு வயசுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து கூட.

கிளினிக்குக்குத் துணைக்குப் போக முடிந்தால் போங்க. டாக்டரிடம் மரியாதையாக, ஆனா தெளிவாகக் கேளுங்க: இந்த மருந்தால என்ன வரலாம், எங்களுக்குத் தமிழில சொல்லுங்க. அவர் பதில் சொல்லும் வரைக்கும் கதிரையை விட்டு எழும்ப வேண்டாம்.